ஆயுளைக் கூட்டாத உடற்பயிற்சி

அறுபதைத் தாண்டியவர்களிடம் உடற்பயிற்சியைப் பற்றிப் பேசுகிற எவரும் முதலில் காட்டுகிற ஆசை ஆயுள்தான். நடந்தால் இன்னும் பத்து வருஷம் கூட இருக்கலாம், எண்ணெயைக் குறைத்தால் பேரன் கல்யாணத்தைப் பார்க்கலாம் என்கிறார்கள். மருத்துவர் சொல்கிறார், ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ் சொல்கிறது, காலை நேரத் தொலைக்காட்சி சொல்கிறது. கேட்கிறவர்களில் சிலர் அதை நம்பி கேன்வாஸ் ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு பூங்காவுக்குப் போகிறார்கள். வேறு சிலர் ‘இருந்த வரைக்கும் போதும்’ என்று சிரித்துவிட்டு நாற்காலியிலேயே இருந்துவிடுகிறார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தாரைச் சோம்பேறிகள் என்று தள்ளிவிடுவது எளிது. அவர்கள் ஏற்க மறுப்பது பயிற்சிக்குச் சொல்லப்படும் காரணத்தைத்தான் என்பதை யாரும் கவனிப்பதில்லை. அந்தக் காரணம் எவ்வளவு உறுதியானது என்று விசாரித்தால், சிரித்தவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருப்பது தெரியவரும். பிற்காலத்தில் தொடங்கும் உடற்பயிற்சியின் பலனை நாம் ஆயுளின் பேரேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதை எழுதவேண்டிய இடம் வேறு. இடத்தை மாற்றி எழுதினால் யாருக்கு என்ன பயிற்சி வேண்டும், யார் அதைத் தடுக்கிறார்கள், யார் அதற்குப் பொறுப்பு என்ற கேள்விகளுக்கெல்லாம் நமக்குப் பழகிப்போன விடைகள் மாறிவிடும்.

நார்வேயின் ட்ரான்ஹைம் நகரில் நடந்த ஓர் ஆய்விலிருந்து தொடங்கலாம். எழுபது முதல் எழுபத்தேழு வயது வரையிலான 1,567 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு வாரத்தில் இரண்டு முறை பயிற்சி. அவர்களிலும் சிலருக்கு மூச்சு வாங்கும் அளவுக்குக் கடுமையாக, சிலருக்கு மிதமாக. மீதிப் பேருக்கு அரசு எல்லோருக்கும் சொல்லும் அறிவுரை மட்டும். ஐந்து ஆண்டுகள் கழித்து இறந்தவர்களை எண்ணிப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களுக்கும் அறிவுரையோடு விடப்பட்டவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. 2020இல் வெளியான இந்த முடிவுக்குச் சமாதானங்கள் உண்டு. இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு முன்வருபவர்கள் பொதுவாகவே திடமானவர்கள். அறிவுரை மட்டும் பெற்றவர்களும் தாமாகவே நன்றாக நடமாடினார்கள். ஐந்து ஆண்டு என்பது குறுகிய காலம். எல்லாமே ஏற்கத்தக்கவை. மறுபக்கத்தில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ரால்ஃப் பாஃபன்பார்கர், ஓரளவு கடுமையான விளையாட்டைப் புதிதாகத் தொடங்கியவர்களுக்கு இறக்கும் அபாயம் 23 சதவீதம் குறைந்திருந்ததாக 1993இல் காட்டினார். ஆனால் அது தாமாக ஓடத் தொடங்கியவர்களையும் தொடங்காதவர்களையும் ஒப்பிட்ட கணக்கு. ஓடியதால் பிழைத்தார்களா, ஓடக்கூடிய உடம்பு வாய்த்ததால் ஓடத் தொடங்கினார்களா என்பதை அத்தகைய கணக்கு முழுதாகப் பிரித்துக் காட்டாது. இந்தத் துறையின் முன்னோடியான ஜெரி மோரிஸுக்கே இந்தச் சங்கடம் தெரிந்திருந்தது. லண்டன் பேருந்துகளில் மாடிப்படி ஏறியிறங்கிய நடத்துநர்களைவிட உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களுக்கு இதயநோய் அதிகம் என்று 1953இல் எழுதியவர் அவர். பிறகு சீருடை அளவுப் பதிவேடுகளை ஆராய்ந்து, ஓட்டுநர்களின் இடுப்பளவு இளவயதிலேயே பெரிதாக இருந்ததை 1956இல் வெளியிட்டவரும் அவரே.

ஆக, எழுபதில் தொடங்கும் பயிற்சி ஆயுளைக் கூட்டும் என்பது நடக்கக்கூடியது, உறுதியாக நிறுவப்பட்டதன்று. ஆனால் அதே வயதினரிடம் வேறொரு கேள்வியைக் கேட்ட ஆய்வுக்குத் தெளிவான விடை கிடைத்தது. அமெரிக்காவில் எட்டு மையங்களில், எழுபது முதல் எண்பத்தொன்பது வயது வரையிலான, உட்கார்ந்தே பழகிய, உடல் ஏற்கெனவே தளரத் தொடங்கிய 1,635 பேரைச் சேர்த்துச் சராசரியாக இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். யார் இறந்தார் என்பது அங்கே முதன்மைக் கேள்வி இல்லை. பிறர் கையைப் பிடிக்காமல், இடையில் உட்காராமல், நானூறு மீட்டர் நடக்கும் திறனை யார் இழந்தார் என்பதுதான் கேள்வி. நடை, தசைவலிமை, உடல் சமநிலை ஆகியவற்றில் பயிற்சி பெற்றவர்களில் 30.1 சதவீதத்தினர் அந்தத் திறனை இழந்தார்கள். உடல்நலச் சொற்பொழிவு மட்டும் கேட்டவர்களில் 35.5 சதவீதத்தினர். இதைவிடக் கண்ணைத் திறக்கும் இன்னொரு சான்று உண்டு. டைப் 2 நீரிழிவுள்ள 5,145 பேரைக் கொண்டு, உணவைக் குறைத்து உடற்பயிற்சியைக் கூட்டினால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையுமா என்று பார்க்க ‘லுக் அஹெட்’ என்ற பெரும் ஆய்வு அமெரிக்காவில் நடந்தது. பத்து ஆண்டுகளை நெருங்கும்போது, இதயநோயில் பலன் தெரியவில்லை என்று அதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதே ஆய்வின் அதே மனிதர்களிடம், நடமாட்டத்தை இழக்கும் அபாயம் முதல் நான்கு ஆண்டுகளிலேயே கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தது. ஆயுளின் பேரேட்டில் தோற்றுப்போன முயற்சி, கால்களின் பேரேட்டில் பெரிய வெற்றி.

இது ஏன் இப்படி அமைகிறது என்பதற்கு உடலின் இயல்பிலேயே விளக்கம் இருக்கிறது. ஏரியில் தண்ணீர் கிடந்தாலும் மட்டம் மதகுக்குக் கீழே இறங்கிவிட்டால் வயலுக்கு ஒரு சொட்டும் பாயாது. மதகுக்கு மேலே ஒரு சாண் ஏறினால் கடைமடை வரை பாயும். வயதான உடலின் வலிமையும் அப்படித்தான். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கத் தொடைத்தசைக்கு ஒரு குறிப்பிட்ட அளவு வலிமை வேண்டும். இருபத்தைந்து வயதில் அதைப்போலப் பல மடங்கு இருப்பில் இருப்பதால், எழுந்திருப்பது ஒரு செயல் என்றே தோன்றுவதில்லை. ஐம்பதுக்குப் பிறகு தசை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, வலிமை அதைவிட வேகமாகக் குறைகிறது. எழுபத்தெட்டில் தானாக எழுந்தவர் எண்பதில் எழ முடியாமல் போகும்போது குடும்பம் அதைத் திடீர் வீழ்ச்சியாகப் பார்க்கிறது. உண்மையில் முப்பது ஆண்டுகளாக இறங்கிக்கொண்டிருந்த மட்டம் அன்றுதான் மதகைத் தாண்டிக் கீழே போயிருக்கிறது. இதன் மறுபக்கம்தான் முக்கியமானது. முப்பது வயதுக்காரர் தசைவலிமையை ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொண்டால் அவருடைய அன்றாடத்தில் எதுவும் மாறாது. எண்பது வயதுக்காரருக்கு அதே ஐந்தில் ஒரு பங்கு, கழிப்பறைக்குத் தானே போவதா, ஆள் துணையோடு போவதா என்பதைத் தீர்மானிக்கிறது. எனவே உடற்பயிற்சி இளமைக்குரியது, முதுமைக்கு ஓய்வு என்னும் நம் வழக்கமான பங்கீடு தலைகீழானது. சிறு முயற்சிக்கு மிகப் பெரிய பலன் கிடைப்பது முதுமையில்தான்.

காலம் கடந்துவிட்டதே என்ற தயக்கத்துக்கு மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர் பாஸ்டன் நகரத்து முதியோர் மறுவாழ்வு மையம் ஒன்றில் செய்த பணியைவிட நேரடியான பதில் கிடையாது. 1990இல் வெளியான அவருடைய முதல் ஆய்வில் பத்துப் பேர்தான். வயது எண்பத்தாறு முதல் தொண்ணூற்றாறு வரை. எட்டு வாரம், எடையை எதிர்த்துக் காலை நீட்டும் பயிற்சி. அதுவும் பெயருக்குச் செய்வதாக இல்லாமல், அவரவர் தூக்கக்கூடிய உச்ச எடையின் பெரும்பகுதியைக் கொண்டு. கால்வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத்தசையின் பரப்பு 9 சதவீதம் வளர்ந்தது. சிறிய எண்ணிக்கை என்ற குறையைப் போக்க, சராசரி வயது எண்பத்தேழுள்ள நூறு பேரிடம் பத்து வாரம் செய்த ஆய்வு 1994இல் வந்தது. பயிற்சி செய்தவர்களின் வலிமை 113 சதவீதம் உயர்ந்தது. செய்யாதவர்களுக்கு 3 சதவீதம். இந்த இரண்டாவது ஆய்வில் நம் வீடுகளுக்கு உரைக்கவேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. பயிற்சியில்லாமல் ஊட்டச்சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்கு வலிமை கூடவில்லை. பெரியவர் தளர்ந்துவிட்டார் என்றதும் சத்துமாவு டப்பா வாங்கி வந்து தலைமாட்டில் வைப்பது நம்முடைய அன்பின் வழக்கம். கேட்டு வாங்கிக்கொள்ளும் தசை இல்லாத உடம்பில் அந்தச் சத்து வலிமையாக மாறுவதில்லை.

சான்றுகளை நேர்மையாகப் படித்தால் எல்லை எங்கே என்பதும் தெரியும். அமெரிக்காவின் டாலஸ் நகரில் 1966இல் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கவைத்தார்கள். முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, முப்பது வருட முதுமை பிராணவாயுவைப் பயன்படுத்தும் அவர்களுடைய திறனைக் குறைத்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது என்று தெரிந்தது. ஐம்பது வயதில் அவர்கள் ஆறு மாதம் பயிற்சி செய்ததும் இருபது வயதின் அளவைத் திரும்ப எட்டினார்கள். பிற்பாடு அதே நகரத்து ஆய்வாளர்கள் இதயத்தின் நெகிழ்வை அளந்தார்கள். ஐம்பதுகளில் தொடங்கி இரண்டு ஆண்டுகள் விடாமல் பயின்றவர்களின் இதயத்தசை விறைப்பு குறைந்தது. அறுபத்தைந்தைத் தாண்டித் தொடங்கி ஓராண்டு பயின்றவர்களுக்கு உடல்திறன் கூடியதே தவிர, இதயத்தின் விறைப்பு அப்படியே இருந்தது. எந்த வயதிலும் எல்லாம் மீளும் என்பவர்கள் மறைக்கும் பாதி இது. சில கதவுகள் சாத்திக்கொள்கின்றன. தசைக்கான கதவு மட்டும் தொண்ணூற்றாறு வரை திறந்தே இருக்கிறது.

பழக்கங்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘ஆரோக்கிய வாழ்க்கைமுறை’ என்று பெயர் ஒட்டுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பலன். புகையை விடுவது ஆயுளாகவே திரும்பி வரும். பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ரிச்சர்ட் டாலும் உடனாய்வாளர்களும், அறுபது வயதில் விட்டால்கூடச் சுமார் மூன்று ஆண்டும், ஐம்பதில் விட்டால் ஆறும் கிடைக்கும் என்று 2004இல் கணக்கிட்டார்கள். அறுபதில் பீடியைத் தூக்கிப் போடுவது ஆயுளுக்காகவே செய்யத்தக்க காரியம். உணவும் அன்றாட நடையும் சர்க்கரைநோயைத் தள்ளிப்போடும். சென்னையில் அ. ராமச்சந்திரனும் குழுவினரும் நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரிடம் செய்த ஆய்வு 2006இல் வெளியானது. மூன்று ஆண்டில், வழக்கம்போல விடப்பட்டவர்களில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்துவிட்டது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39 சதவீதத்தினருக்குத்தான். அமெரிக்காவில் இதேபோன்ற ஆய்வில் மிக அதிகமாகப் பலனடைந்தவர்கள் அறுபதைத் தாண்டியவர்களே. அவர்களுக்கு அபாயம் 71 சதவீதம் குறைந்தது. தசைப்பயிற்சி தருவது இந்த இரண்டையும் சேராத மூன்றாவது பலன்: எழுதல், நிற்றல், படியேறுதல், விழாதிருத்தல். நம் ஊரில் ‘வாக்கிங் போகிறேன்’ என்றால் உடம்புக்குச் செய்யவேண்டியதெல்லாம் செய்தாகிவிட்டது என்று பொருள். நடை நல்லதுதான், ஆனால் அது எல்லாமும் ஆகாது. உடற்பயிற்சியால் கீழே விழுவது குறையுமா என்று நூற்றுக்கு மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2019ஆம் ஆண்டுக் காக்ரேன் ஆய்வு, சுமார் நான்கில் ஒரு பங்கு குறையும் என்றது. ஆனால் அந்தப் பலன் சமநிலைக்கும் அன்றாட அசைவுகளுக்குமான பயிற்சிகளுக்குத்தான் உறுதியாகத் தெரிந்தது. வெறும் நடைக்குத் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனமும் முதியவர்களுக்கு வாரம் 150 நிமிட நடையோடு நிற்காமல், தசைக்கும் சமநிலைக்கும் தனியாக நாட்களை ஒதுக்கச் சொல்கிறது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்துமுறை எழுந்து உட்கார்வதற்குப் பூங்கா வேண்டாம், ஷூ வேண்டாம், விடியற்காலை வேண்டாம். அப்படியும் அதைச் செய்யச் சொல்லும் குரல் மிகக் குறைவு.

ஏன் குறைவு என்றால், அதைத் தடுக்கும் குரல் நம் வீட்டுக்குள்ளேயே ஒலிக்கிறது, அதுவும் பாசத்தோடு. ‘நீங்க எதுக்குப்பா தூக்கறீங்க, வைங்க’, ‘அத்தை, நீங்க உக்காருங்க, நான் பார்த்துக்கறேன்’ என்பதெல்லாம் மரியாதையின் மொழி. பெரியவர்களை வேலை வாங்குவது பாவம், உட்காரவைத்துச் சோறு போடுவது புண்ணியம் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அறுபதாம் கல்யாணம் முடிந்ததும் தண்ணீர்க் குடமும் மளிகைப் பையும் மாடிப்படியும் ஒவ்வொன்றாக அவர்களிடமிருந்து விலக்கப்படுகின்றன. தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்ட வழக்கம் சாப்பாட்டு மேசைக்கு ஏறுகிறது. குந்தி எழும் பழக்கத்தின் கடைசி மிச்சத்தையும் வெஸ்டர்ன் கழிப்பறை எடுத்துக்கொள்கிறது. மூட்டுவலி உள்ளவருக்கு இவை தேவைதான். வலி இல்லாதவருக்கும் முன்கூட்டியே செய்து கொடுக்கும்போது, வரப்போகும் இயலாமையை நாமே வரவேற்று உட்காரவைக்கிறோம். உடல் இந்த உபசாரத்துக்கு என்ன விலை கொடுக்கிறது என்பது அளக்கப்பட்டிருக்கிறது. சராசரியாக அறுபத்தேழு வயதுள்ள, நோயற்ற சிலரைப் பத்தே நாள் படுக்கவைத்த ஆய்வொன்றில் கால்களிலிருந்து மட்டும் சுமார் ஒரு கிலோ தசை கரைந்தது. காய்ச்சலோ சிறு அறுவைசிகிச்சையோ வந்த முதியவரை ‘நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்’ என்று மாதக்கணக்கில் கட்டிலோடு விட்டுவிடுவது நம் குடும்பங்களில் சாதாரணம். நோய் போய்விடும், கட்டில் போகாது. பெண்களுக்கு இதில் ஒரு முரண் உண்டு. அடுப்படி வேலை ஓயாததால் பாட்டியின் கால் தாத்தாவின் காலைவிடப் பல வீடுகளில் அதிகம் நடக்கிறது. ஆனால் நின்று சமைப்பதும் குனிந்து கூட்டுவதும் தொடைத்தசையை வளர்க்கும் சுமைகள் அல்ல. அவற்றை நம்பி அவருக்குப் பயிற்சி வேண்டியதில்லை என்று முடிவுகட்டுவது இன்னொரு வகைப் புறக்கணிப்பு.

இதற்கு எதிராக எழும் கேள்விகளில் முதலாவது அச்சம்: இந்த வயதில் எடை தூக்கினால் மூட்டு தேய்ந்துவிடாதா, மார்பு வலிக்காதா? முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள, அறுபதைத் தாண்டிய 439 பேரை ஒன்றரை ஆண்டு பயிற்றுவித்த அமெரிக்க ஆய்வின் முடிவு 1997இல் வந்தது. நடைப்பயிற்சி செய்தவர்களுக்கும் எடைப்பயிற்சி செய்தவர்களுக்கும் வலியும் இயலாமையும் மிதமாகக் குறைந்தன, மூட்டு மோசமாகவில்லை. மூட்டைச் சுற்றியுள்ள தசை வலுப்பெற்றால் மூட்டின் மேல் விழும் சுமை குறைகிறது என்பதுதான் இதன் சூட்சுமம். இதயத்தைப் பற்றிய எச்சரிக்கை நியாயமானது. மார்புவலி, கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், அண்மையில் வந்த மாரடைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. யாராக இருந்தாலும் சுமையை மெல்ல மெல்லத்தான் கூட்டவேண்டும். ஆனால் பயிற்சியின் ஆபத்தை எடைபோடுகிறவர்கள் அசையாமல் இருப்பதன் ஆபத்தைச் சுழியம் என்று வைத்துக்கொள்கிறார்கள். இடுப்பெலும்பு முறிந்து படுத்த முதியவர் இருக்கும் வீட்டுக்கு அந்தக் கணக்கின் பிழை தெரியும்.

இரண்டாவது கேள்வி இதைவிடக் கனமானது. காலமெல்லாம் நாற்று நட்டவர், சித்தாள் வேலை பார்த்தவர், மூட்டை சுமந்தவர் ஆகியோரிடம் போய் உடற்பயிற்சி செய்யுங்கள் என்று சொல்வது எகத்தாளம் ஆகாதா? இது உட்கார்ந்து சம்பாதித்த வர்க்கத்தின் பிராயச்சித்தம்தானே? பாதி உண்மை. கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2021இல் ஒரு முரணை உறுதிப்படுத்தியது. ஓய்வுநேரத்தில் உடலை வருத்துபவர்களுக்கு இறப்பு அபாயம் குறைகிறது. பிழைப்புக்காக உடலை வருத்துபவர்களுக்கு அது கூடுகிறது. காரணம் பற்றி விவாதம் இருந்தாலும் அனுபவத்துக்கு விளங்காத ஒன்றன்று. வேலையில் சுமை எட்டுமணி நேரம் நீள்கிறது, ஒரே மூட்டும் ஒரே முதுகும் திரும்பத் திரும்பத் தேய்கின்றன, களைத்தபோது நிறுத்தும் உரிமை தொழிலாளிக்கு இல்லை, ஆறுவதற்குரிய தூக்கமும் புரதமும் கிடைப்பதில்லை. அப்படியென்றால் உழைத்துத் தேய்ந்த உடலுக்கும் பயிற்சி வேண்டும். ஆனால் அது வேறு வகையானது. தேய்ந்த பக்கத்துக்கு ஓய்வும் பயன்படாத தசைக்கு வேலையும் தரும், வலியை அறிந்த ஒருவர் சொல்லித்தரும் பயிற்சி. ‘நட’ என்ற ஒற்றைச்சொல் அறிவுரை அவருக்குப் பயன்படாது. 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோவதோடு இயன்முறை சிகிச்சையையும் சேர்த்துக்கொண்டது சரியான திசை. படுத்துவிட்டவரை எழுப்புவதற்கு வரும் அந்தக் கை, தடுமாறத் தொடங்கியவரிடம் ஐந்து ஆண்டு முன்பே வந்து சேர்ந்தால் அதன் வேலை பாதியாகக் குறையும்.

மூன்றாவதாக, இது தனிமனிதரின் மன உறுதி சார்ந்தது, அரசும் சமூகமும் என்ன செய்ய முடியும் என்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தமிழ்நாடு உள்ளிட்ட பகுதிகளில் எடுத்து 2014இல் வெளியிட்ட கணக்கில், பாதிக்கு மேற்பட்டவர்கள் போதிய உடலசைவு இல்லாதவர்கள். பொழுதுபோக்காக உடற்பயிற்சி செய்தவர்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு. இவ்வளவு பேருக்கும் ஒருசேர மன உறுதி வற்றிவிட்டது என்று நம்புவது கடினம். சென்னைத் திருமங்கலத்தில் ஒரு குடியிருப்பு; நீரிழிவு ஆய்வாளர்கள் வந்து கணக்கெடுத்து விழிப்புணர்வூட்டிய பிறகு, குடியிருப்போரே பணம் திரட்டி அங்கே ஒரு பூங்கா அமைத்தார்கள். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் அதற்குமுன் 14 சதவீதம். சில ஆண்டுகளுக்குப் பின் 59 சதவீதத்தை நெருங்கியது. அதே மனிதர்கள்தாம். கால்வைக்க இடம் வந்ததும் அதுவரை இல்லாததாகச் சொல்லப்பட்ட உறுதியும் வந்துவிட்டது. எதிர்ப்பக்கத்தில், 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் பேரில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் நடந்துபோனவர். எண்பத்தொன்பது வயதில் மாரத்தான் ஓடத் தொடங்கி உலகப் புகழ்பெற்ற ஃபௌஜா சிங், 2025 ஜூலையில் பஞ்சாபில் தன் சொந்த ஊரருகே சாலையில் வாகனம் மோதித்தான் இறந்தார். அவரை முன்மாதிரியாகக் காட்டி முதியவர்களைத் தூண்டும் நாம், அவருடைய சாவை முன்மாதிரியாக்கிச் சாலைகளைத் திருத்துவதில்லை. தமிழ்நாடு அரசு 2023இல் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் கண்டு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ வரவேற்கத்தக்கது. எனினும் எட்டுக் கிலோமீட்டர் என்பது ஏற்கெனவே நடக்கக்கூடியவருக்கான தூரம். வீட்டு வாசலிலிருந்து தெருமுனை மருந்துக்கடை வரை பள்ளமில்லாத, இருசக்கர வாகனம் ஏறாத, நடுவில் உட்கார ஒரு பெஞ்சு உள்ள நடைமேடைதான் எழுபத்தைந்து வயதுக்காரரின் உடற்பயிற்சிக்கூடம்.

கடைசிக் கேள்வி தத்துவத்தின் பக்கத்திலிருந்து வருகிறது, அதுவே ஆழமானது. முதுமை என்பது விட்டுக்கொடுக்கும் பருவம். தளர்ச்சியை ஏற்பதில் ஒரு கண்ணியம் உண்டு. அதை எதிர்த்துக் கடைசிவரை தசையை முறுக்கிக்கொண்டிருப்பது சந்தை கற்பித்த இளமைவெறி. அதோடு, ஆரோக்கியத்தைக் கடமையாக்கினால் நோயாளியைக் குற்றவாளியாக்கிவிடுவோம்: பக்கவாதம் வந்தவரைப் பார்த்து ‘நீ நடந்திருக்கவேண்டும்’ என்று சொல்லும் சமூகம் கொடுமையானது. இந்த இரண்டாம் பகுதியை முழுக்க ஏற்கிறேன். மேலே சொன்ன எண்கள் எல்லாம் அபாயத்தின் எண்கள். பயின்றவர்களிலும் நூற்றுக்கு முப்பது பேர் நடமாட்டத்தை இழந்தார்கள். யாரையும் குற்றஞ்சாட்ட அந்த எண்களில் இடமில்லை. ஆனால் முதல் பகுதி ஆயுளின் பேரேட்டை வைத்துக்கொண்டு பேசும்போதுதான் செல்லுபடியாகும். சாவை ஒத்திப்போட ஓடுகிறவரைப் பார்த்து ‘ஏற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்’ என்று சொல்லலாம். தன் வேட்டியைத் தானே கட்டிக்கொள்ள, தன் குளியலுக்கு மகளையோ மருமகளையோ கூப்பிடாமல் இருக்க ஒருவர் எழுந்து உட்கார்ந்து பழகினால், அவர் எதை மறுக்கிறார்? சாவை அவர் மறுக்கவில்லை. சாவுக்கு முன்னால் வரும் நீண்ட சார்பைத்தான் முடிந்த மட்டும் குறுக்கப் பார்க்கிறார். நம் பாட்டனார்கள் தெய்வத்திடம் கேட்டதும் பெரும்பாலும் இதுதான்: நூறு வயது வேண்டாம், படுக்கையில் விழாமல் போய்ச் சேரவேண்டும். ஆயுளுக்கு ஆசைப்படாத அந்த வேண்டுதலுக்கு இன்றைய மருத்துவம் தரக்கூடிய ஆக அருகிலான விடை, தொடைத்தசைப் பயிற்சி. ஏற்பும் பயிற்சியும் பகைவர்கள் என்று நினைப்பவர்கள் பராமரிப்பின் சுமையை யார் சுமக்கிறார்கள் என்று பார்த்ததில்லை. நம் வீடுகளில் அது பெரும்பாலும் ஒரு பெண்; பெரும்பாலும் அவளுக்கும் ஐம்பதைத் தாண்டியிருக்கும்; அவளுடைய முதுகும் இறங்குமுகத்தில்தான் இருக்கும். ஒரு முதியவரின் கால் ஓராண்டு கூடுதலாக நின்றால், அந்த ஓராண்டின் பயனாளிகள் இரண்டு பேர்.

2021ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குக் கிட்டத்தட்டப் பதினான்கு பேர் அறுபதைத் தாண்டியவர்கள். நாட்டில் கேரளத்துக்கு அடுத்த இடம். 2031இல் அது பதினெட்டாகும் என்று கணித்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஒன்றோ இரண்டோ, அவர்களும் வெளியூரில் என்றாகிவிட்ட மாநிலத்தில், பெற்றோரைத் தாங்கிப் பிடிக்கும் கைகள் குறைந்துகொண்டே போகின்றன. இந்நிலையில் ‘நூறு வயது வாழலாம்’ என்ற ஆசையைக் காட்டுவது பொருத்தமும் இல்லை, அதற்குச் சான்றும் போதாது. சொல்லவேண்டியது இன்னும் எளிமையானது, சான்றுள்ளதும்கூட. சாகும் நாளை மாற்றுவோம் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. அதுவரை எத்தனை நாள் தானே எழுந்து நிற்பது என்பதில் எண்பதிலும் தொண்ணூறிலும்கூடக் கை வைக்க முடியும். இதைச் சொல்லும் பொறுப்பு மருத்துவரோடு முடிவதில்லை. சர்க்கரை அளவைக் கேட்பதுபோல நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். நகராட்சி நடைமேடையை முதியோர் நலச் செலவாக எழுதவேண்டும். மகனும் மருமகளும் பெரியவர் கையிலிருக்கும் பையைப் பிடுங்குவதற்குமுன் ஒரு நொடி யோசிக்க வேண்டும். அவர் கேட்காதவரை அந்தப் பை அவரிடமே இருக்கட்டும். அதைச் சுமக்கும் உரிமையும் அவருடைய சொத்துதான்.